பெற்றோர் இல்லாமல் பிள்ளை வெளிநாடு போகலாமா? பாஸ்போர்ட், டிக்கெட் மட்டும் போதாது!

மல்லாங்கிணற்றில் தாத்தா, பாட்டியிடம் இருந்து படிக்கும் பத்து வயதுப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் துபாயில். முழுப்பரீட்சை லீவுக்குப் பிள்ளையைத் தனியாக விமானம் ஏற்றிவிடலாமா?

ஏற்றலாம். ஆனால் பாஸ்போர்ட் அலுவலகம், விமான நிறுவனம், போய் இறங்கும் நாடு என மூன்று இடங்களில் ஒரே கேள்வி வரும்: ‘பெற்றோருக்குச் சம்மதமா?’ ஓரிடத்தில் சொன்ன பதில் இன்னோர் இடத்தில் செல்லாது. பல குடும்பங்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது…

விருதுநகர் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் இருவரும் ‘அனெக்சர் டி’ படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் பிரிந்து போய்விட்டார், கையெழுத்து வாங்க வழியில்லை என்றால் ‘அனெக்சர் சி’. இவற்றை வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும், நோட்டரி தேவையில்லை என்று 2016 டிசம்பரில் விதி தளர்ந்தது. வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பத்துடன் உறுதிமொழிப் பத்திரம் அனுப்ப வேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதி ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும்.

விமானத்தில்…

5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைத் தனியாக ஏற்ற மாட்டார்கள். பொதுவாக 5 முதல் 12 வயதுக்குள் என்றால், ‘துணையில்லாச் சிறார்’ சேவைக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். யார் ஏற்றிவிடுகிறார், அங்கே யார் வந்து கூட்டிப்போவார் என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். வருபவரின் அடையாள அட்டை பெயரோடு ஒத்துப்போனால்தான் பிள்ளையை ஒப்படைப்பார்கள். எல்லா வழித்தடத்திலும் இந்தச் சேவை கிடையாது. அதனால் கேட்டுவிட்டு டிக்கெட் போடுவதே நல்லது.

இறங்கும் நாட்டில்…

நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்காவில் சம்மதக் கடிதம் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் நோட்டரி கையெழுத்தோடு கொண்டுவரச் சொல்லி எல்லைக் காவல் துறை வலியுறுத்துகிறது. நேபாளத்துக்கு 15 முதல் 18 வயது வரையிலான இந்திய மாணவர்கள், பள்ளித் தலைமையாசிரியர் தரும் அடையாளச் சான்றிதழோடு போகலாம்.

ஏன் இத்தனை கெடுபிடி?

2023 டிசம்பரில், 303 பேருடன் நிகரகுவாவுக்குப் போன விமானத்தை ஆள்கடத்தல் சந்தேகத்தில் பிரான்ஸின் வாத்ரி விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தினார்கள். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். துணையின்றி வந்த சிறார் மட்டும் 11 பேர். இன்னொரு காரணம், பிரிந்த தம்பதியில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை நாடு கடத்திப் போவது. அப்படிப் போன பிள்ளையைத் திருப்பி அனுப்ப வழிசெய்யும் 1980-ம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. எல்லை தாண்டிவிட்டால் மீட்பது பெரும்பாடு. அதனால்தான் கவுன்ட்டரிலேயே கேட்கிறார்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

பிள்ளையின் பெயர், பாஸ்போர்ட் எண், பயணத் தேதி, கூட்டிப்போகிறவரின் பெயர், உறவு, போன் நம்பர் எல்லாம் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரு சம்மதக் கடிதம். பெற்றோர் இருவரின் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் பாஸ்போர்ட் நகல்களையும் வையுங்கள். விவாகரத்தாகியிருந்தால் பொறுப்பை யாருக்குத் தந்தார்கள் என்ற நீதிமன்ற உத்தரவு, ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். சித்தப்பாவோ அத்தையோ கூடப் போனாலும் இந்தக் கடிதம் வேண்டும். சொந்தம் என்று வாயால் சொன்னால் எந்த அதிகாரியும் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.