அம்மாவுக்கு ஜலதோஷம் வந்தால் சூப் வைப்பது யார்?

ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்தால் போதும், வீட்டுக்கு ஒருவராவது தும்ம ஆரம்பித்துவிடுவார். கூடவே சூப் பற்றிய அறிவுரைகளும் கொட்ட ஆரம்பிக்கும். முருங்கைக்கீரை சூப் குடித்தால் சளி ஓடிவிடும், ஆட்டுக்கால் சூப் குடித்தால் மூட்டு தேய்மானம் சரியாகிவிடும், கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தால் முடவனும் நடப்பான்... இப்படி!

சூப் நல்லதுதான். ஆனால் அதற்காக இல்லாததைச் சொல்லத் தேவையில்லை.

ஜலதோஷம் வைரஸால் வருகிறது. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானாகவே போய்விடும், சூப் குடித்தாலும் குடிக்காவிட்டாலும். அப்புறம் எதற்கு சூப்? 1978-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். சூடான கோழி சூப் குடித்தவர்களுக்கு மூக்கில் சளி நகரும் வேகம் கூடியது. ஆனால் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. ஆக, சூப் தருவது நிவாரணம், குணம் அல்ல. மூக்கடைப்பு கொஞ்சம் விடும், தொண்டைக்கு இதமாக இருக்கும், சோறு இறங்காத நேரத்தில் உடம்பில் தண்ணீர் சேரும். ஒரு டம்ளர் சூப்புக்கு இது போதாதா?

சரி, பாக்கெட் சூப்புக்கு வருவோம். வெந்நீரில் கலக்கினால் ஒரு நிமிடத்தில் ரெடி. உண்மைதான். வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் சில பெயர்களில் சோளமாவும் சர்க்கரையும் உப்பும் இருந்து, படத்தில் பளபளக்கும் காய்கறி வால் பகுதியில் இருந்தால், அது என்ன சூப் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். சோடியம் அளவை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டில் வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை:

1. உருவிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் ஐந்தாறு, பூண்டு நாலு பல், தக்காளி ஒன்று.
2. ஒரு ஸ்பூன் மிளகையும் ஒரு ஸ்பூன் சீரகத்தையும் தட்டிப் போட்டு, மூன்று டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க விடவும்.
3. இறக்கிய பிறகு அளவாக உப்பு. எலுமிச்சையும் இறக்கிய பிறகுதான், ஏனென்றால் கொதியில் வைட்டமின் சி குறைந்துவிடும். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும்.
4. வடிகட்டி கீரையைக் கொட்டிவிடாமல் அப்படியே சாப்பிடுவது நல்லது. நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

"வீட்டு சூப்புக்கு என்ன செலவு? பக்கத்து வீட்டு மரத்துக் கீரை, சும்மா கிடைக்குது" என்பார்கள். வணிகவியல் முதல் வருடப் பாடத்திலேயே இந்தக் கணக்கு தப்பு என்று சொல்லிவிடுவார்கள். கீரை சும்மா கிடைக்கலாம். அதை உருவுகிறவரின் நேரம்? 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் கணக்கு மட்டும்தான். எதுவுமே செய்யாதவர்கள் இந்தச் சராசரியில் வரவே இல்லை!

"பாக்கெட் வேண்டாம், வீட்டிலேயே வையுங்கள்" என்று சொல்வது எளிது. சொல்பவர் சோபாவில் இருப்பார், வைப்பவர் அடுப்படியில் இருப்பார். வீட்டில் எல்லோருக்கும் சளி பிடித்தால் அம்மா சூப் வைப்பார். அம்மாவுக்குச் சளி பிடித்தால்? மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்போதும் அம்மாதான் வைப்பார். அந்த நேரத்தில் ஒரு பாக்கெட்டைப் பிரித்து அவர் கலக்கினால் அவரைக் குறை சொல்ல யாருக்கு அருகதை இருக்கிறது?

ஆகவே வீட்டு சூப்தான் உசத்தி என்று வாதாடும் பையன்கள் முதலில் அதை வைக்கக் கற்றுக்கொள்ளட்டும். மேலே இருப்பது நாலே வரி. தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்வதில் இது நூறில் ஒரு பங்குகூட இல்லை.

பின்குறிப்பு: மழைக்காலம் டெங்கு காலமும்கூட. காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ சூப்பை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போகவும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பில் கவனமாக இருக்கவும்.