தைராய்டைப் பார்ப்பவர் கல்லீரலையும் பார்க்கட்டும்

உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்கள் பல நேரம் தனியாக வருவதில்லை. அத்தகைய தாக்குதலால் கல்லீரல் அழற்சி கண்டவர்களில் பலருக்குத் தைராய்டுக் கோளாறோ முடக்குவாதமோ கூடவே இருக்கிறது. அதனால்தான் இந்நோய் உறுதியானதும் தைராய்டையும் சோதிக்கச் சொல்கிறது, அமெரிக்கக் கல்லீரல் மருத்துவ வழிகாட்டி. எதிர்த்திசையிலும் அதே விழிப்பு வேண்டும் என்கிறேன். தைராய்டு அழற்சிக்கு மாத்திரை எடுப்பவர் தீராத அசதி என்று வந்தால், மாத்திரையைக் கூட்டுவதோடு நில்லாமல் கல்லீரல் நொதிகளுக்கும் ரத்தப் பரிசோதனை எழுத வேண்டும். இக்கல்லீரல் அழற்சி கண்டறியப்படும்போதே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கியிருக்கிறது. முன்பே பிடித்தால் பிரெட்னிசோலோன், அசதியோபிரின் மருந்துகள் பெரும்பாலோருக்குக் கைகொடுக்கும்.

அரிய நோய்க்காக எல்லாரையும் பயமுறுத்துவதா என்று கேட்கலாம். எல்லாரையும் அல்ல, ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய் ஒன்று உள்ளவர்களை மட்டுமே சொல்கிறேன். நொதி உயர்ந்தால் கொழுப்புக் கல்லீரல்தானே என்பார்கள். அதுதான் பரவலானது, உண்மை. ஆனாலும் இவர்கள் விஷயத்தில் ரத்தத்தில் ஐஜிஜி எனும் எதிர்ப்புரத அளவையும், உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பொருள்களையும் பார்க்காமல் அப்படி முடிவுகட்டக் கூடாது. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஒரே மருத்துவர் வேண்டும். சிங்கப்பூரில் 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டம் 40 வயது நிரம்பியவர்களை ஒரே குடும்ப மருத்துவரோடு இணைக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் இந்நோய் இளம்பெண்களையும் தாக்குகிறது. தைராய்டுக்கும் மூட்டுக்கும் தனித்தனி மருத்துவரிடம் அலையும் இளம்பெண்ணுக்கும், 40 வரை காத்திராமல், முழுக் கோப்பையும் படிக்கும் அந்த ஒரு மருத்துவர் கிடைக்க வேண்டும்.