பருத்தி ஆராய்ச்சியில் உழவருக்கும் இடம் வேண்டும்

பல்கலைக்கழகமும் ஆலைகளும் கைகோத்து ஆராய்ச்சி செய்வது வரவேற்க வேண்டிய காரியம். நிலத்தையும் நீரையும் கெடுக்காத பஞ்சு, குறைந்த மருந்தில் விளையும் ரகம், வாழை மட்டையிலிருந்து நார் என்று இன்று பேசப்படுபவை எல்லாம் நமக்கும் தேவையானவையே. ஆனால், அந்த ஆராய்ச்சியின் பலன் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று உழவர் பெருமக்கள் கேட்டே ஆகவேண்டும். இதற்குப் பருத்தியே நல்ல உதாரணம்.

புதிய பருத்தி ரகங்களின் பஞ்சை நூற்றுப் பார்ப்பதற்கென்றே 1924-இல் பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. 1956-இல் ஆலைகளின் முயற்சியில் கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், 'சிட்ரா', தொடங்கப்பட்டது. தென்னிந்திய மில்கள் சங்கமும் பருத்தி வளர்ச்சிக்கெனத் தனி அமைப்பு வைத்து விதை ஆராய்ச்சி செய்து வருகிறது. கோயம்புத்தூர் விஞ்ஞானிகள் 1968-இல் தந்த எம்.சி.யு.5 ரகம் நம் கரிசல், செம்மண் உழவர்கள் பலருக்கும் பழக்கமானது. ஆக, ஆராய்ச்சிக்கும் ஆலைக்கும் உள்ள உறவு புதியதன்று. அந்த உறவில் உழவனுக்கு என்ன இடம் என்பதுதான் கேள்வி.

சுவின் சொல்லும் பாடம்

எகிப்து இனத்திலிருந்து தேர்ந்தெடுத்த சுஜாதாவையும், மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் ஒட்டுச் சேர்த்து 1974-இல் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டது சுவின். நூறாம் நம்பருக்கும் மேலான மெல்லிய நூல் நூற்கக் கூடிய பஞ்சு அது. உலகத் தரத்தில் முன்வரிசையில் நிற்பது. ஆத்தூர் வட்டாரத்தில் அதைப் பயிரிட்டவர்கள் உண்டு. அதில் நெய்த சட்டைக்குப் பெரிய கடைகளில் இன்றும் தனி விலைதான்.

ஆனால் வயலில் சுவின் சுருங்கிப் போயிற்று. மிக நீண்ட இழைப் பஞ்சை எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நம் ஆலைகள் வரவழைக்கின்றன. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சுவின் ஆறு மாதம், அதற்கு மேலும் நிலத்தில் நிற்கும். அத்தனை நாளும் பூச்சிக்கு அஞ்ச வேண்டும், தண்ணீர் கட்ட வேண்டும், எடுப்புக் கூலி கொடுக்க வேண்டும். சாதாரண ரகத்தில் நூறு கிலோ பருத்தியை அரைத்தால் சுமார் 33 கிலோ பஞ்சு கிடைக்கும். சுவினில் அதைவிடக் குறைவு. இத்தனை பாரமும் உழவன் தலையில். பஞ்சின் தரத்தால் வந்த லாபமோ நூலிலும் துணியிலும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது சுவின் விஷயத்தில் உண்மையாயிற்று. ஆராய்ச்சி தோற்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பின்னால் வரவேண்டிய விலை ஏற்பாடுதான் வரவில்லை.

தரத்துக்கு விலை

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு ரூ.7,710; நீண்ட இழைக்கு ரூ.8,110. இழையின் நீளத்துக்கு ரூ.400 வித்தியாசம் உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆலைக்குள் இழையின் நீளம், வலிமை, மைக்ரோனேர் என்னும் நயம் அனைத்தையும் கருவி அளந்து சொல்லிவிடும். கிராமத்திலோ வியாபாரி ஒரு பிடி பருத்தியை இழுத்துப் பார்த்து விலை சொல்கிறார். கருவியில் அளந்து நூற்பவர்கள், வாங்கும்போது மட்டும் கண்ணால் அளப்பது என்ன நியாயம்?

ஆலைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் கொண்டுவருவது இரண்டு மூட்டை. அதிலும் ரகக் கலப்பு. பிளாஸ்டிக் சாக்கின் இழை ஒன்று கலந்தாலும் அது சாயம் ஏறாமல் துணியில் தனியே தெரிந்து, துணியைப் பாழாக்குகிறது. இதை நாம்தான் திருத்த வேண்டும். பனி உலர்ந்த பின் எடுத்தல், பருத்தித் துணிப் பையில் சேர்த்தல், கொட்டுப் பருத்தியையும் நல்லதையும் பிரித்து வைத்தல், ஈரம் போக உலர்த்துதல் ஆகியவை செலவில்லாத வேலைகள். பருத்திக் கழகம் 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் வாங்குவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு கிராமத்தார் கூடிப் பேசி ஒரே ரகத்தை விதைத்தால், ஒரு லாரி அளவுக்கு ஒரே தரச் சரக்கு சேரும். அப்போது ஆலையோடு நேரில் பேச நமக்கும் வாய் இருக்கும்.

நாட்டின் நூற்பாலைத் திறனில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் அவற்றுக்கு வேண்டிய பஞ்சில் சிறு பங்கே இங்கு விளைகிறது. மீதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா என்று தொலைவிலிருந்து வருகிறது. அந்த லாரி வாடகையில் ஒரு பகுதியை உள்ளூர் உழவனுக்குத் தர விலையாகக் கொடுத்தாலே இருவருக்கும் ஆதாயம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடந்தோறும் ஒரு பரிசோதனை வசதி வைத்து, சோதனைச் சீட்டைத் தமிழில் எழுதி உழவர் கையில் கொடுக்க அரசும் ஆலைகளும் முன்வர வேண்டும்.

விதை வாங்குமுன்

இனிப் புதிய ரகம், இயற்கைப் பருத்தி, நிறப் பருத்தி என்று யார் ஊருக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விளைந்ததை இன்ன விலைக்கு எடுத்துக்கொள்வதாக விதைப்புக்கு முன்பே எழுத்தில் தருவீர்களா? தரத்தை எங்கே, யார் முன்னிலையில் அளப்பீர்கள்? சோதனைப் பயிர் பொய்த்தால் நட்டத்தில் உங்கள் பங்கு எவ்வளவு?

மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் தாராளமாக விதையுங்கள். வராவிட்டால், அந்தச் சோதனையை அவர்கள் பண்ணையிலேயே இன்னொரு பருவம் செய்து பார்க்கட்டும்.