காதுக்கும் ஓய்வு வேண்டும்

தாராவியிலிருந்து காலையில் புறப்பட்டு, சயான் நிலையத்தில் மின்சார ரயிலில் தொற்றிக்கொண்டு கோட்டைப் பகுதி அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும் ஒரு குமாஸ்தாவை எண்ணிப் பார்க்கலாம். இரவு வீட்டில் அவருக்காகக் காத்திருப்பது பத்துக்குப் பத்து அறை. அதில் ஒரு டெலிவிஷன். தகரச் சுவருக்கு அப்பால் இன்னொன்று. சந்து முனையில் ஒலிபெருக்கி. போதாததற்குக் கையில் செல்போன். உடம்பு படுத்துவிடுகிறது, நரம்புகள் படுப்பதில்லை.

"ஊருக்குப் போய்ப் பத்து நாள் தூங்கினால் சரியாகிவிடும்" என்பது மும்பைத் தமிழர்கள் பலரும் சொல்லும் ஆறுதல். மீதி நாட்களில் என்ன செய்வது? கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு மூடி இல்லை. உறங்கும்போதும் ஓசை மூளைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. விழிப்பு வராவிட்டாலும் இதயத்துடிப்பு கூடுகிறது; ரத்த அழுத்தம் ஏறுகிறது. காலையில் காரணமில்லாமல் மனைவி மக்கள் மீது எரிந்து விழுவதற்குக் குணக்கேடு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரையில், இரவில் சாலை இரைச்சல் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது.

காசில்லாத பரிகாரமும் உண்டு. உறங்குமுன் அரை மணி நேரம் விளக்கையும் செல்போனையும் அணைத்து, கண்களை மூடி, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் இதயத்துடிப்பு தணியும். கண்ணை மூடி அமைதியாக இருக்கையில் மூளையின் மின் அலைகளே மாறுகின்றன என்பதை ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் எழுதினார். இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்கும் தொழிலாளிக்கு ஜன்னலில் ஒரு கருப்புத் துணி அவசியம். காதுக்குப் பஞ்சு போதாது. மருந்துக் கடையில் விற்கும் நுரை அடைப்பான் நல்லது.

ஆனால் தனிமனிதன் கண்ணை மூடிக்கொண்டால் மட்டும் தெரு அடங்கிவிடாது. சட்டம் இல்லாமலில்லை. ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. இரவு பத்துக்குமேல் வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பதை 2005-இல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. சந்துகளில் இதை யார் மதிக்கிறார்கள்? ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்படி, மும்பைப் போக்குவரத்துப் போலீசார் சில சந்திப்புகளில் செய்து பார்த்த சோதனை 2020 ஜனவரியில் வெளியானபோது நாடே ரசித்தது. ரசித்ததோடு சரி!

போலீசாரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அம்மன் கொடை, பொங்கல் விழா என்று கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டுவோரில் தமிழர்களும் உண்டு. விழா நாட்களில் நள்ளிரவு வரை அனுமதி தர, ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மிகாமல், மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்தச் சலுகை இருந்தும் விடிய விடியப் பாட்டுப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. மறுநாள் காலை ஏழு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர் அதே சந்தில்தான் புரண்டுகொண்டிருக்கிறார். அவரும் வரி கொடுத்தவர்தான். அடுத்த கொடைக்கு வரி வசூலிக்க உட்காரும்போதே, எத்தனை ஒலிபெருக்கி, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதையும் விழாக் கமிட்டியார் நோட்டில் எழுதி வைக்கட்டும்.