ஒன்றரை லட்சமா... ஹண்ட்ரட் அண்டு ஃபிஃப்டி தௌசண்டா?

எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கு இந்த வருடம் அப்பாதான் பொருளாளர். புது லிஃப்ட்டுக்காக 12 வீட்டுக்கும் ரசீது போட வேண்டும். வீட்டின் அளவைப் பொறுத்துத் தொகை மாறும். எண்ணில் எழுதியதை ஆங்கில எழுத்திலும் எழுத வேண்டும்.

"ஏம்மா, ஃபார்ட்டியில 'யு' வருமா?" மூன்றாவது ரசீதிலேயே அப்பா கேட்டுவிட்டார். (வராது!)

எக்ஸலில் செய்யலாம் என்று பார்த்தேன். தாய்லாந்தின் பாட் நாணயத்தை எழுத்தாக்க அதில் ஃபார்முலா இருக்கிறது. நம் ரூபாய்க்குத் தயாராக எதுவும் இல்லை. பைத்தான் தெரிந்த தோழி கை கொடுத்தாள். 'நம்2வேர்ட்ஸ்' என்று ஒரு லைப்ரரி. இலவசம்தான். 42 என்று கொடுத்தால் 'ஃபார்ட்டி டூ' என்று ஸ்பெல்லிங் பிசகாமல் தரும். 12 ரசீதும் நிமிடத்தில் ரெடி.

மறுநாள் மூன்றாவது மாடித் தாத்தா ரசீதோடு வந்தார். "நான் கொடுத்தது ஒன்றரை லட்சம். இதென்ன ஒன் ஹண்ட்ரட் அண்டு ஃபிஃப்டி தௌசண்ட்?"

கணக்கு தப்பில்லை. ஆனால் நாம் எந்த ஊர் ஆங்கிலம் என்று சொல்லாததால், லைப்ரரி மில்லியன் கணக்கில் போய்விட்டது. மொழி கேட்கும் இடத்தில் 'ஈஎன்_ஐஎன்', அதாவது இந்திய ஆங்கிலம் என்று கொடுத்ததும் 'ஒன் லேக், ஃபிஃப்டி தௌசண்ட்' என்று வந்தது. பணமாக எழுதச் சொன்னால், எந்த நாட்டுப் பணம் என்றும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ரூபாயை யூரோ ஆக்கிவிடும்!

'எழுத்துல என்ன இருக்கு?' என்று நினைக்காதீர்கள். காசோலை, புரோநோட்டில் எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-வது பிரிவு. இரண்டும் ஒத்துப்போகாத காசோலையை வங்கி திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டிவிடுவது சுலபம். 'லேக்' என்பதற்குப் பதில் 'க்ரோர்' என்று கை தவறி எழுத மாட்டோம் என்பதால்தான் எழுத்துக்கு இந்த மரியாதை.

ஆனால் கம்ப்யூட்டர் எழுதும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. நாம் தப்பாகத் தட்டிய எண்ணையே அது அழகான எழுத்தாக்கித் தரும். எண்ணும் எழுத்தும் பொருந்தும். தொகைதான் தப்பாக இருக்கும்.

இப்போதெல்லாம் அப்பா ஒவ்வொரு ரசீதையும் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்!