பீடி பற்றவைத்தால் மான் ஓடிவிடுமா?

பசுமலையில் காலை நடை முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்காருவது எங்கள் செட்டின் வழக்கம். ஆறு பேர், ஆறு பேரும் பென்ஷன்காரர்கள். போன வாரம் பேச்சு எங்கெங்கோ சுற்றி வேட்டையில் வந்து நின்றது. வருசநாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட நண்பர், தன் தாத்தா வாயில் சுருட்டு புகையப் புகைய மிளா சுட்டவர் என்றார். எதிரே இருந்தவர் விடவில்லை. "சும்மா இருங்க சார், காட்டுக்குள்ள ஒரு பீடி பத்தவச்சா ரெண்டு மைலுக்கு மான் நிக்காது" என்றார். ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். டீ ஆறிப்போனது.

அங்கே எனக்குப் பேச இடம் கிடைக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே மானைப் பற்றித்தான் பேசினார்கள், பீடி பிடித்தவனைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மான் வேட்டை இன்று குற்றம். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கடிவாளம் போட்டது, 1991-ல் வந்த திருத்தம் பொழுதுபோக்கு வேட்டையின் கதவையே சாத்திவிட்டது. சாத்தியது நல்லது என்பதுதான் என் கருத்தும். நான் சொல்லும் வேட்டைக் கதை எல்லாம் அதற்கு முந்தைய காலத்தது. பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சி என்றால், துப்பாக்கிக்குப் பதில் கேமராவோடு காட்டுக்குப் போகிற பிள்ளைகள் இப்போது எத்தனையோ பேர். மானுக்கு இரண்டும் ஒன்றுதான், மனித வாடை.

என் சித்தப்பா ஒருவர் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். அறுபதுகளில் மேற்கு மலைப் பக்கம் போய்வருவார். காட்டில் ஏறும்முன் மடியிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறை எடுத்து விரலிடுக்கில் உதிர்ப்பார். பக்தியும் உண்டுதான். ஆனால் அந்தச் சாம்பல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியமான காரியம். காற்று நம்மிடமிருந்து மானை நோக்கிப் போனால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பார். தலையில் தேங்காய் எண்ணெய், சட்டையில் சோப்பு, அக்குளில் வேர்வை, இத்தனையும் போய்ச் சேரும்போது பீடி வாடை மட்டும் என்ன தனியாகக் கெடுத்துவிடப் போகிறது? காற்று மானிடமிருந்து நம்மை நோக்கி வந்தால் பீடி வாடையும் நமக்குப் பின்னால்தான் போகும்.

மலையில் காற்று நேரத்துக்கு நேரம் மாறும், இது சமவெளிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறும். பொழுது சாய்ந்து மலை குளிர்ந்ததும் அதே காற்று கீழே இறங்கும். அதனால் விடியுமுன் கீழிருந்து ஏறலாம். ஒன்பது மணிக்குமேல் அதே பாதையில் ஏறினால் உங்கள் வாடை உங்களுக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடும். இங்கே ஊருக்குள் ஆடிக்காற்றும் மார்கழி வாடையும் மட்டுமே பழகிய நமக்கு, ஒரே நாளில் காற்று இரண்டு பக்கம் திரும்புவது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

புகை என்றாலே மான் ஓடிவிடும் என்பவர்கள் பழைய துப்பாக்கியை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு திரி எப்போதும் கனன்றுகொண்டே இருக்க வேண்டும். அந்த நெருப்பு மருந்தைத் தொட்டால்தான் வெடிக்கும். ஆக, வேட்டைக்காரன் கையிலேயே புகைகிற கயிறு ஒன்று இருந்தது. அப்படியும் மான் சுடப்பட்டது. முகலாய மன்னர் ஜஹாங்கீர் தன் வேட்டைக்குக் கணக்கு எழுதிவைக்கச் சொன்னவர். பன்னிரண்டு வயதிலிருந்து ஐம்பது வயதுக்குள் தானே கொன்றது 17,167 என்று அவருடைய நினைவுக் குறிப்பில் வருகிறது. பறவைகள்தான் பெரும்பகுதி, நாலுகால் பிராணிகள் 3,203. படிக்கும்போது வயிற்றைப் பிசைகிற கணக்கு. இதே ஜஹாங்கீர்தான் 1617-ல் புகையிலை கூடாது என்று உத்தரவு போட்டவர். புகையிலையை வேண்டாம் என்றவரின் வேட்டைக் கூட்டத்தில் துப்பாக்கித் திரி புகைந்துகொண்டுதான் இருந்திருக்கும்!

அடுத்தது பழக்கம். வெட்டவெளியில் மேயும் வெளிமானை அணுக வெள்ளைக்காரர்கள் மாட்டுவண்டியில் போவார்கள். நடந்துபோனால் தூரத்திலேயே துள்ளி ஓடும் மான், வண்டியைக் கண்டால் மேய்ந்துகொண்டே இருக்குமாம். தினமும் பார்க்கிற வண்டி, தினமும் முகர்கிற வண்டிக்காரன். சென்னைக்குப் போனால் கிண்டியைப் பாருங்கள். 2.70 சதுர கிலோமீட்டர் பூங்கா, சுற்றிலும் பஸ் புகை, டீக்கடைப் புகை, சிகரெட் புகை. நடுவில் புள்ளிமானும் வெளிமானும் மேய்கின்றன. எந்த வாடைக்குப் பின்னால் அடி விழுகிறதோ அந்த வாடைக்குத்தான் மான் பயப்படும். ஆள் நடமாட்டம் இல்லாத மலையில் வாழும் மிளாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் கிண்டியை வைத்து வருசநாட்டுக்குத் தீர்ப்பு எழுதவும் முடியாது.

டீக்கடையில் ஒருவர் ஜிம் கார்பெட்டை இழுத்தார். "கார்பெட்டே சிகரெட் பிடிச்சவர்தானே, ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை அடிக்கலையா?" 1926-ல் அடித்தார், சரி. சிகரெட் பிடித்தவர் என்பதும் சரி. ஆனால் புலியும் சிறுத்தையும் கண்ணையும் காதையும் நம்பி இரை தேடுகிற சாதி. மான் உயிர் பிழைப்பதில் பாதி மூக்கால்தான். கார்பெட்டே ஒரு விஷயம் எழுதியிருக்கிறார்: மனிதனுக்கு மோப்பம் கிடையாது என்பது ஆட்கொல்லிப் புலிக்குத் தெரியாது, அதனால் மானை அணுகுவதுபோலவே எதிர்காற்றில்தான் நம்மையும் அணுகும் என்று. புலியே மானின் மூக்குக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிறது. கார்பெட்டின் சிகரெட்டை மான் வேட்டைக்குச் சாட்சியாகக் கூப்பிடுவது, கிரிக்கெட் ஆட்டக்காரரைக் கபடிக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுவது மாதிரி.

இருட்டில் பீடிக் கங்கு தெரிந்துவிடும் என்றும் ஒருவர் சொன்னார். மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரியாது. தீக்குச்சி உரசும் வெளிச்சம் வேறு விஷயம், அது தெரியும். ஆனால் கங்கைவிடப் பெரிய ஆபத்து கை. தலையின் இரு பக்கமும் கண் வைத்த பிராணி, பின்னால் கொஞ்சம் தவிர எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும். அசையாத ஆளை மரக்கட்டை என்று விட்டுவிடும். பீடிப் பழக்கம் உள்ளவனால் மணிக்கணக்கில் மரக்கட்டையாக இருக்க முடியுமா? முக்கால் மணி நேரம் தாண்டினால் கை தானாக மடியைத் தேடும். சித்தப்பா அந்த நேரத்துக்கு வெற்றிலையும் ஒரு துண்டு புகையிலையும் வாயில் அடக்கிக்கொள்வார். அதுவும் கேடுதான். ஆனால் கை அசையாது.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். சித்தப்பா நாற்பது வயதில், காற்று முகத்தில் அடித்தால், "பக்கத்துல மிளா கிடை இருக்குடா" என்று நின்றுவிடுவார். கிடாயின் கவிச்சி வாடையை அவர் மூக்கு பிடித்துவிடும். யானை வாடையையும் அப்படித்தான். ஐம்பதில் அந்த மூக்கு போய்விட்டது. வீட்டில் பால் அடிப்பிடித்தாலே தெரியாது. புகைப்பவர்களுக்கு மோப்பம் மங்கும் என்பது டாக்டர்களும் சொல்வதுதான். மானின் மூக்கில் விழுந்த பீடி வாடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், வேட்டைக்காரனின் மூக்கை அது தின்றதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மூக்குக்குப் பிறகு இருமல். காலையில் பத்து நிமிடம் இருமாமல் அவரால் நாளைத் தொடங்க முடியாது. காட்டில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அடக்குவார், முகமெல்லாம் சிவந்துவிடும். அதற்குப் பிறகு மூச்சு. ஐம்பத்தைந்தாவது வயதில் மலையடிவாரத்துப் பாறையில் உட்கார்ந்தவர், "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்று கூட வந்தவர்களை அனுப்பிவிட்டார். சட்டம் அவரை நிறுத்துவதற்கு முன்பே நுரையீரல் நிறுத்திவிட்டது. கடைசி நான்கு வருடம் கட்டிலில் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். புகைத்தால் மான் கிடைக்குமா என்று கேட்பவர்களிடம் நான் மானைப் பற்றிச் சொல்வதில்லை, இந்தத் தலையணையைத்தான் சொல்வேன்.

இன்றைக்கும் திருட்டு வேட்டை இல்லாமல் இல்லை. மாசி வந்தால் நம் பக்கத்துக் கிராமங்களில் பாரி வேட்டைப் பேச்சு எழும், வனத்துறை ரோந்து போகும். திருட்டு வேட்டைக்காரனுக்குப் பீடியால் வரும் வினை மான் ஓடுவது அல்ல. அவன் உட்கார்ந்த இடத்தில் போட்டுவிட்டு வரும் பீடித் துண்டுகள், காவலருக்கு "இங்கே ஆள் இருந்தான்" என்று சொல்லிவிடும். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே கொலைகாரன் பிடித்தது நம் திருச்சி சுருட்டு என்று சாம்பலை வைத்தே ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுவார். இதில் திருட்டு வேட்டைக்காரன் பக்கம் எனக்கு அனுதாபம் துளியும் இல்லை.

எனக்கு உண்மையில் பயம் அந்தத் துண்டில் மிச்சமிருக்கும் நெருப்பைப் பற்றித்தான். மாசி, பங்குனியில் நம் மலைகளில் ஆள் உயரப் புல் காய்ந்து நிற்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன பிள்ளைகள் தீயில் சிக்கினார்கள், இருபதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக மேலே ஏறும் என்பதற்குத்தான் சொல்கிறேன். பகலில் காற்று சரிவில் மேலே போகும் என்று முன்பு எழுதினேனே, மானுக்கு வாடையைக் கொண்டுபோகும் அதே காற்றுதான் தீயையும் தூக்கிக்கொண்டு போகிறது. சரணாலயத்துக்குள் தீ வைப்பதும், காட்டுக்கு ஆபத்து வரும்படி தீயை அணையாமல் விட்டு வருவதும் சட்டத்தின் 30-ஆம் பிரிவில் தனியாகவே தடுக்கப்பட்டிருக்கிறது.

சதுரகிரிக்குப் போகிறவர்களைத் தாணிப்பாறையில் வனத்துறையினர் நிறுத்திப் பையைச் சோதித்து, தீப்பெட்டி, பீடி, சிகரெட்டை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சாமி கும்பிடப் போகிறவனிடம் இது என்ன கெடுபிடி என்று எங்கள் செட்டில் ஒருவருக்கு வருத்தம். எனக்கு இல்லை. அடுத்த அமாவாசைக்கு அவரும் நானும் ஏறுகிறோம். தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். மடியில் திருநீறு இருந்தால் போதும், காற்று எந்தப் பக்கம் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். நேரம் நன்றாக இருந்தால் வழியில் ஒரு மிளாவைப் பார்க்கலாம்.