இரவுப் படத்தில் மறைந்து போகிறவர்கள்

பகலில் நாம் காணும் நகரம் ஒன்று. இரவில் விளக்கொளியில் எழுந்து நிற்கும் நகரம் வேறொன்று. சுவரொட்டிகளும் புழுதியும் நெரிசலும் இருளில் அமிழ்ந்துவிட, கோபுரங்களும் வளைவுகளும் மட்டும் பொன்னொளியில் மிதக்கின்றன. எனவேதான் பெருநகருக்குச் செல்லும் நம் இளைஞர்கள், அங்குள்ள பெயர்பெற்ற கட்டடங்களை இரவு நேரத்தில் படமெடுப்பதில் இத்துணை ஆர்வம் காட்டுகின்றனர். விருத்தாசலத்திலிருந்து படிக்கவும் பணிபுரியவும் சென்னைக்குச் சென்ற பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் படங்களுள் இத்தகைய படம் ஒன்றேனும் இருக்கும். அதைக் கண்டு மகிழாத பெற்றோர் இலர். இக்கலையைப் பற்றியும், அதனுள் பொதிந்துள்ள ஓர் உண்மையைப் பற்றியும் இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

இரவுப் படத்தின் இரகசியம் பொறுமை. பகலில் புகைப்படக் கருவியின் கதவு ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு நேரம் திறந்தாலே போதும். வேண்டிய ஒளி உள்ளே வந்துவிடும். இரவிலோ ஒளி குறைவு. ஆகவே கதவு ஐந்து நொடி, பத்து நொடி, சிலபோது முப்பது நொடிகூடத் திறந்தே இருத்தல் வேண்டும். அத்தனை நேரமும் கருவி அணுவளவும் அசையலாகாது. கையில் பிடித்தால் மூச்சு விடுவதே படத்தைக் கெடுத்துவிடும். ஆதலால் முக்காலி இன்றியமையாதது. பொத்தானை விரலால் அழுத்துவதுகூட அசைவுதான் என்பதால், அழுத்திய இரண்டு நொடி கழித்துத் தானே இயங்கும் அமைப்பைப் பலரும் பயன்படுத்துகின்றனர். கைப்பேசியின் இரவு அமைப்பு, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைத்துத் தருகிறது. எனினும் அங்கும் கை நடுங்காதிருத்தல் நலம். கதிரவன் மறைந்து ஏறத்தாழ அரை மணி நேரத்திற்குள், வானம் முற்றும் கறுக்காமல் கருநீலமாய் இருக்கும்போது எடுப்பதே சிறந்தது. அப்போது விளக்கொளியும் தெரியும். கட்டடத்தின் உருவரையும் வானத்தில் கரைந்து போகாது.

விருத்தாசலம் சந்திப்பிலிருந்து சென்னை செல்லும் இரயில்கள் பெரும்பாலும் எழும்பூரை நோக்கிச் செல்வன. எனவே நம்மவர்க்கு முதலில் காட்சி தருவது 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தின் குவிமாடங்களே. அங்கிருந்து சற்றுத் தொலைவில், 1873இல் எழுந்த சென்ட்ரல் நிலையம் செந்நிறச் சுவரும் நாற்புறமும் முகங்கொண்ட மணிக்கூண்டுமாய் நிற்கிறது. அதன் அருகே 1913இல் திறக்கப்பட்ட வெண்ணிற ரிப்பன் கட்டடம் மாநகராட்சியின் தலைமையகமாய் விளங்குகிறது. சிறப்பு நாட்களில் வண்ண ஒளிவெள்ளத்தில் அது மூழ்கி நிற்கும். கடற்கரையில் 1977 முதல் இயங்கும் கலங்கரை விளக்கம் ஒளிக்கற்றையைக் கடல்மேல் சுழற்றுகிறது. அதற்கு அணித்தாகவே, திருத்தூதர் புனித தோமாவின் கல்லறைமீது எழுந்துள்ள சாந்தோம் பெருங்கோயில், வெண்ணிறக் கோபுரத்தை இருண்ட வானில் உயர்த்தி நிற்கிறது. 1986இல் புனித இரண்டாம் யோவான் பவுல் வந்து செபித்த திருத்தலமன்றோ அது! ஒரே மாலையில் இவை அனைத்தையும் படமெடுக்க இயலாது. ஒன்றைத் தெரிந்து, அதன் முன் நின்று, காத்திருத்தலே முறை.

இக்கட்டடங்களின்மேல் பொழியும் ஒளி எங்கிருந்து வருகிறது? இக்கேள்வி நம் ஊரையும் தொடுகிறது. நமக்கு அண்மையிலுள்ள நெய்வேலியில் 1962இல் முதல் மின்னாக்கப் பொறி இயங்கத் தொடங்கியது. அன்றுதொட்டுப் பழுப்பு நிலக்கரி எரிந்து மின்சாரமாகித் தமிழகமெங்கும் செல்கிறது. அதே பகுதியின் மண்ணில் பீங்கானுக்கு ஏற்ற களிமண்ணும் கிடைக்கிறது. அக்களிமண்ணை நம்பி வளர்ந்த தொழிலாலேயே விருத்தாசலம் பீங்கான் நகரம் எனப் பெயர் பெற்றது. இங்குச் செய்யப்படும் அகல் விளக்குகளையும் பொம்மைகளையும் பலரும் அறிவர். ஆனால் மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரும், மின்பலகையில் பொருத்தும் பியூஸ் கேரியரும் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவருபவை என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பீங்கான் தன் வழியே மின்சாரத்தைச் செல்லவிடாது. அது தாங்கி நிற்பதாலேயே மின்சாரம் கம்பத்தின் வழி மண்ணில் இறங்கிவிடாமல், கம்பி வழியே விளக்கைச் சென்று அடைகிறது. மாநகரின் ஒளியை எல்லாரும் காண்கின்றனர். அதைத் தாங்கும் பீங்கானை எவரும் காண்பதில்லை. அப்பீங்கானைச் சுடும் சூளையை இரவெல்லாம் கண்விழித்துக் காத்தவரையோ ஒருவரும் நினைப்பதில்லை.

இனி இக்கலையின் உள்ளே பொதிந்த உண்மைக்கு வருவோம்.

இரவுப் படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். சாலை வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தோன்றும். வாகனங்கள் இரா, அவற்றின் விளக்குகள் இழுத்த சிவப்புக் கோடுகளும் வெண்கோடுகளும் மட்டும் இருக்கும். மனிதரும் இரார். உண்மையில் அங்கே நூற்றுக்கணக்கானோர் நடந்திருப்பர். ஆனால் கதவு திறந்திருந்த பத்து நொடியில் அவர்கள் ஓரிடத்தில் நில்லாமல் கடந்து சென்றமையால், அவர்களுடைய உருவம் படத்தில் பதியவில்லை. அசையாத கல் பதிகிறது. அசையும் மனிதன் மறைகிறான்.

இது புகைப்படக் கலையின் தொடக்கத்திலேயே காணப்பட்ட ஒன்று. 1838இல் பிரான்சு நாட்டவரான தாகேர், பாரிஸ் நகரின் பெருந்தெரு ஒன்றைத் தம் சாளரத்திலிருந்து படமெடுத்தார். அந்நாளில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். அது பகல் வேளை. தெருவில் வண்டிகளும் மக்களும் திரளாய்ச் சென்றிருத்தல் வேண்டும். ஆயினும் படத்தில் தெரு பாழடைந்தது போல் கிடக்கிறது. ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு மனிதர் ஒரு காலை உயர்த்தி நிற்கிறார். தம் காலணிக்கு மெருகேற்றிக் கொள்வதற்காக அவர் அசையாமல் நின்றிருந்தார்; ஆகவே படத்தில் விழுந்தார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களுள் ஒருவர் எனக் கருதப்படும் அவருக்கு அப்பேறு கிட்டியது, ஓர் ஏழைத் தொழிலாளி அவர் காலடியில் குனிந்து வேலை செய்ததனால். அத்தொழிலாளியின் உருவமோ தெளிவின்றிக் கலங்கியே காணப்படுகிறது.

இதற்கு மாறாகச் செய்தவர் ஒருவர் உண்டு. அங்கேரியராய்ப் பிறந்து பாரிஸில் வாழ்ந்த பிராசாய், பாரிஸ் நகரின் இரவைப் பற்றிய படநூல் ஒன்றை வெளியிட்டார். ஒரு சிகரெட்டு எரிந்து முடியும் நேரத்தைக் கணக்கிட்டே கருவியின் கதவை அவர் மூடுவாராம். அவர் பாலங்களையும் நினைவுச் சின்னங்களையும் மட்டும் எடுத்து நிறுத்திவிடவில்லை. நள்ளிரவில் தண்டவாளம் செப்பனிடுவோரையும், கழிவுநீர்க் குழி துப்புரவு செய்வோரையும், சந்தையில் மூட்டை சுமப்போரையும் தேடிச் சென்றார். அவர்களை நிற்கச் செய்து, அவர்கள்மீது ஒளி விழச் செய்து படமெடுத்தார். நகரின் இரவு என்பது கட்டடங்களின் இரவு மட்டுமன்று, மக்களின் இரவும் ஆகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நம் சென்னையிலும் இதை எண்ணிப் பார்க்க வேண்டிய நாட்கள் வந்தன. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டு 1 முதல் ரிப்பன் கட்டடத்தின் முன்னே அமர்ந்தனர். அவர்களுள் பெண்கள் பலர். பகலும் இரவும், வெயிலும் மழையுமாய்ப் பதின்மூன்று நாட்கள் அங்கேயே இருந்தனர். உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து ஆகஸ்டு 13ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறையினர் அவர்களை அங்கிருந்து அகற்றினர். அவ்வழக்கின் இருபக்க நியாயங்களை ஆராய்வது இப்பகுதியின் நோக்கமன்று. ஆனால் ஒன்றை மறுக்க இயலாது. ஆண்டுக்கணக்கில் அதே சாலைகளைக் கூட்டிப் பெருக்கியவர்களை நாடு பார்க்கவில்லை; அவர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஓரிடத்தில் அமர்ந்தபோதுதான் பார்த்தது. உழைத்துக்கொண்டிருந்தவரை மறைந்திருந்தார்கள், நின்றபோது தெரிந்தார்கள். ஊர் விழிக்குமுன் தெருவைக் கூட்டிச் செல்பவரின் முகத்தை நம்முள் எத்தனைபேர் அறிவோம்?

அக்கட்டடத்தின் பெயரும் நம்மைச் சிந்திக்கத் தூண்டுவது. 1880 முதல் 1884 வரை இந்தியாவின் அரசப் பிரதிநிதியாயிருந்த ரிப்பன் பிரபு, 1874இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். உள்ளாட்சிக்கு வழிகோலியவர் என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. அவருடைய காலத்தில்தான், 1881இல், இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைத்தல் கூடாது என்றும், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரத்துக்கு மேல் வேலை செய்தல் ஆகாது என்றும் அது விதித்தது. இன்று அது நமக்கு மிகச் சிறியதாய்த் தோன்றலாம்; எனினும் ஆலையின் இருளில் மறைந்திருந்த குழந்தைகளைச் சட்டம் கண்ணெடுத்துப் பார்த்த முதல் நாள் அது. பத்தாண்டு கழித்து, 1891இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடல், அவர்களுக்கு நேரிய ஊதியமும் சங்கம் அமைக்கும் உரிமையும் உண்டென முழங்கியது. 2025இல் திருப்பீடம் ஏறிய திருத்தந்தை பதினான்காம் லியோ, அத்திருத்தந்தையை நினைவுகூர்ந்தே இப்பெயரைத் தெரிந்துகொண்டதாகக் கூறியுள்ளார்.

அன்பார்ந்த குடும்பத்தினரே, மீட்பரின் பிறப்புச் செய்தி முதன்முதல் யாருக்கு அறிவிக்கப்பட்டது? எருசலேமின் அரண்மனையில் உறங்கியவர்களுக்கு அன்று. வயல்வெளியில் இரவுக் காவல் காத்திருந்த இடையர்களுக்கே அது அறிவிக்கப்பட்டது எனப் புனித லூக்கா எழுதுகிறார். இன்றைய வழக்கில் சொன்னால், அவர்கள் இரவு முறைப் பணியாளர்கள். ஊர் உறங்க விழித்திருந்தவர்கள். உலகத்தின் படத்தில் அவர்கள் பதியவில்லை. இறைவனின் பார்வையில் பதிந்தார்கள். அவருடைய கண் நொடிப்பொழுதில் மூடிக்கொள்ளும் கண் அன்று. விரைந்து கடந்து செல்பவனையும் அது இழந்துவிடாது.

ஆகவே நம் பிள்ளைகள் படமெடுக்கட்டும். அழகை நாடுதல் நன்று. இறைவன் தந்த ஒளியை மனிதன் கையாளும் திறமும் போற்றத்தக்கதே. ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்போம். ரிப்பன் கட்டடத்தையோ சாந்தோம் கோபுரத்தையோ எடுத்து முடித்ததும், முக்காலியை மடிக்குமுன் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். அங்கே துடைப்பத்தோடு ஒரு தாய் நிற்கலாம். வாயிற்காவலர் ஒருவர் இருக்கலாம். தேநீர்க்கடைச் சிறுவன் ஒருவன் இருக்கலாம். அவர்களோடு இரண்டு சொல் பேசட்டும், பெயரைக் கேட்கட்டும். அவர்கள் இசைந்தால் மட்டும், அவர்களை நிற்கச் செய்து ஒரு படம் எடுக்கட்டும். எடுத்த படத்தை அவர்களுக்கே காட்டட்டும். அந்தப் படத்தையும் வீட்டுக்கு அனுப்பட்டும்.

வீட்டிலுள்ள நாமும் செய்யத்தக்கது உண்டு. நம் பங்கில் நெய்வேலிச் சுரங்கத்துக்கு இரவுப் பணிக்குச் செல்வோர் உளர். சூளை காப்போர் உளர். மருத்துவமனையில் விழித்திருக்கும் செவிலியர் உளர். இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்கும் வீட்டில் வானொலியையும் தொலைக்காட்சியையும் அடக்கி வைப்பதும் பிறரன்புச் செயலே. ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வரவில்லை என்று அவர்களைக் குறை கூறுமுன், அவர்கள் எப்போது வீடு திரும்பினர் எனக் கேட்டறிவது நீதி. இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், நாம் உறங்கும்போது விழித்திருந்து உழைப்பவர்களுக்காக ஓர் அருள் நிறை மரியே சேர்த்துச் சொல்வோம். அவர்களுள் எவரையேனும் நாம் பெயரால் அறிவோமாயின், அப்பெயரையும் சொல்லிச் செபிப்போம்.